இக்காலுயிட் – ரெசொல்யூட்: தூரம் ஒரு கணக்கு, நேரம் வேறு கணக்கு

இக்காலுயிட் விமான நிலையத்திலிருந்து ரெசொல்யூட் விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 1,575 கிலோமீட்டர். இரண்டுமே கனடாவின் வடகோடியில் உள்ள நூனவுட் பிரதேசத்தைச் சேர்ந்தவை. முதலாவது பாஃபின் தீவின் தென்பகுதியில், வட துருவ வட்டத்துக்கு 300 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. இரண்டாவது கார்ன்வாலிஸ் தீவில், 74 டிகிரி 43 நிமிட வட அட்சத்தில். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்தை மனதில் வைத்து வகுத்துப் பார்த்தால் இரண்டு மணி நேரப் பயணம் என்று வரும். பயணத் திட்டத்தில் பலரும் எழுதிக்கொள்வது இந்த எண்ணைத்தான். இந்த வழித்தடத்தில் ஒருவரை ஏமாற்ற இதைவிடப் பொருத்தமான எண் கிடையாது. தூரம் சரி, வகுத்தலும் சரி. ஆனால் வடக்கே ஒரு பயணம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத் தீர்மானிப்பவை ஓடுபாதையின் தரை, வழியில் நிற்கும் ஊர், வானிலை ஆகியவை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த விமானம் போகாவிட்டால் அடுத்தது என்றைக்கு என்ற கேள்வி. இந்த அத்தியாயம் அந்தக் கணக்கை அடியிலிருந்து போட்டுப் பார்க்கிறது.

முதலில் தூரத்தைப் பற்றிய ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப்படத்தில் இந்த இரண்டு ஊர்களையும் தேடி, நடுவே அளவுகோலை வைத்தால் தலை சுற்றும். மெர்கேட்டர் முறையில் வரைந்த படம் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். நிலநடுக்கோட்டுக்கு உரிய அளவையை அப்படியே இங்கே பொருத்தினால் தூரம் ஏறக்குறைய 4,600 கிலோமீட்டர் என்று வரும், அதாவது உண்மையைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காரணம் எளியது. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 111 கிலோமீட்டர் அகலம். இக்காலுயிட்டின் அட்சத்தில் அது 49 கிலோமீட்டராகச் சுருங்குகிறது, ரெசொல்யூட்டில் 29 கிலோமீட்டர்தான். இரு ஊர்களுக்கும் இடையே 26 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம் இருந்தும் பயணம் பெரும்பாலும் வடக்கு நோக்கியே அமைவதற்கு இதுதான் காரணம். ஆகவே சுவர்ப்படத்தை நம்பாதீர்கள். உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலே போதும், சரியான பாதை தெரிந்துவிடும். அந்த நூல் ஆர்க்டிக் பே என்ற ஊரை ஒட்டியே போவதையும் அப்போது பார்க்கலாம். இக்காலுயிட்டிலிருந்து ஆர்க்டிக் பே 1,222 கிலோமீட்டர், அங்கிருந்து ரெசொல்யூட் 360 கிலோமீட்டர். கூட்டினால் நேர்வழியைவிட ஏழெட்டு கிலோமீட்டர்தான் கூடுதல். வழியில் அங்கே நிற்கும் விமானம் சுற்றிக்கொண்டு போகிறது என்று வருத்தப்படத் தேவையில்லை.

அடுத்தது வேகம். ஒட்டாவாவிலிருந்து இக்காலுயிட்டுக்கு ஜெட் விமானத்தில், சுமார் மூன்று மணி நேரத்தில் வந்து இறங்குகிறோம். இக்காலுயிட்டின் ஓடுபாதை நீளமானது, தார் போட்டது. 1942-ல் அமெரிக்க விமானப்படைத் தளமாகத் தொடங்கிய இடம் அது. 2006-ல் ஏர்பஸ் ஏ380 விமானத்தையே கடுங்குளிர்ச் சோதனைக்காக அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ரெசொல்யூட்டின் ஓடுபாதையும் குட்டையானது அல்ல, சுமார் 2 கிலோமீட்டர் நீளம். ஆனால் அது சரளைக்கல் பாதை. ஜெட் இஞ்சின் தரையை ஒட்டித் தொங்குவதால் சரளையை உறிஞ்சிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பழைய போயிங் 737-200 ரகத்துக்கு இதற்கென்றே ஒரு கவசம் இருந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் கல்லைத் தடுக்கும் ஒரு தட்டு, இஞ்சின் வாய்க்கு முன்னால் காற்றைக் கீழ்நோக்கிப் பீய்ச்சி, தரையிலிருந்து கல் மேலெழும்பாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு குழாய். அதே வரிசையில் பின்னால் வந்த புதிய ரகங்களுக்கு இந்தக் கவசம் கிடையாது. அதனால் சரளை ஓடுபாதை ஊர்களின் போக்குவரத்து பெரும்பாலும் டர்போபிராப் விமானங்களின் கையில் இருக்கிறது. அவற்றின் இறக்கை உடலின் மேல்பக்கம் பொருந்தியிருக்கும், உந்துவிசிறி தரையிலிருந்து எட்டத்தில் சுழலும். இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் 42 அந்த வகை. அதன் பயண வேகத்தை மணிக்கு 490 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தார் இருந்தால் 800, சரளை என்றால் 490. ஊருக்கு ஊர் வேகம் மாறுவது இப்படித்தான்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடலாம். முதல் கட்டம் 1,222 கிலோமீட்டர், 490 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை மணி. மேலேறுவதற்கும் இறங்குவதற்கும் இருபது நிமிடம் சேர்த்தால் 2 மணி 50 நிமிடம். ஆர்க்டிக் பேயில் சரக்கு இறக்கி, ஆள் ஏற்றி, தேவையானால் எரிபொருள் நிரப்ப முக்கால் மணி. கடைசிக் கட்டத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். மொத்தம் 4 மணி 40 நிமிடம். வானம் தெளிவாக, காற்று அடங்கி இருக்கும் நாளுக்கான கணக்கு இது. மணிக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் ஜெட் விமானத்துக்கு இந்த முழு தூரத்திலும் கால் மணிகூடக் கூடாது, டர்போபிராப்புக்கோ அரை மணிக்கு மேல் கூடும். மெதுவாகப் போகும் விமானம் காற்றின் பிடியில் அதிக நேரம் இருக்கிறது, வேகத்தில் அது இழக்கும் பங்கும் பெரிது. டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தை வைத்து மனக்கணக்கு போடும்போது இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ரெசொல்யூட்டின் கடிகாரம் இக்காலுயிட்டைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. காலை 9 மணிக்குப் புறப்பட்டு 12.40-க்குச் சேர்வதாக டிக்கெட் சொன்னால் இடையே கழிந்திருப்பது 4 மணி 40 நிமிடம். திரும்பும்போது அதே பயணம் 5 மணி 40 நிமிடம்போலத் தோன்றும். (டிக்கெட்டில் இக்காலுயிட்டுக்கு ‘ஒய்எஃப்பி’ என்ற குறியீட்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 1987 வரை ஊரின் பெயர் ஃப்ரோபிஷர் பே.)

இந்த விமானத்துக்குள் என்ன ஏறுகிறது என்பதும் நேரக் கணக்கில் சேரும். ஏடிஆர் விமானத்தில் பயணிகள் வாலை ஒட்டிய படிக்கட்டில் ஏறுவார்கள். நடை வழியே முன்னோக்கிப் போனால் ஓர் இடத்தில் இருக்கை வரிசை முடிந்து தடுப்பு நிற்கும். அதற்கு அப்பால், விமானி அறை வரைக்கும் சரக்கு: பால், முட்டை, காய்கறிப் பெட்டிகள், மருந்து, அஞ்சல், பனிவண்டியின் உதிரி பாகங்கள். அன்றைய சரக்கின் அளவைப் பொறுத்து அந்தத் தடுப்பை முன்னும் பின்னும் நகர்த்தும் விமானங்களும் உண்டு. நூனவுட்டின் 25 ஊர்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை இல்லை. கடல் உறைந்திருக்கும் மாதங்களில் கப்பலும் வராது. அப்படிப்பட்ட ஊருக்கு அந்தத் தடுப்புக்கு முன்னால் இருப்பதுதான் சந்தை, மளிகைக் கடை, மருந்துக் கடை எல்லாம். இதோடு எரிபொருளின் கனத்தையும் சேருங்கள். போய்ச் சேரும் இடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் ஒன்றுக்குப் போய் இறங்க வேண்டிய எரிபொருளைத் தொடக்கத்திலேயே சுமந்தாக வேண்டும். மாற்று நிலையங்கள் இங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. வானிலை மோசமாக மோசமாக எரிபொருள் கூடும், எரிபொருள் கூடும் அளவுக்கு வேறு ஏதாவது குறைய வேண்டும். அப்படிக் குறைவது பெரும்பாலும் பயணிகளின் பெட்டி. ஆள் இன்று வந்து பெட்டி அடுத்த விமானத்தில் வருவது இந்த வடக்கு ஊர்களில் சாதாரணம். எனவே மருந்து, கண்ணாடி, கேமரா மின்கலம், ஒரு நாள் உணவு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியைத் தாங்கும் மேலங்கியும் காலணியும் பெட்டியில் வேண்டாம், உடம்பிலேயே இருக்கட்டும்.

இதுவரை போட்ட கணக்கில் மிஞ்சிப்போனால் சில மணி நேரங்கள்தான் ஏறியிறங்கின. கடைசி உறுப்பு நாட்களைச் சேர்க்கிறது. ரெசொல்யூட்டில் சுமார் 180 பேர் வாழ்கிறார்கள். அந்த அளவு ஊருக்குத் தினசரி விமானம் ஓடாது, வாரத்தில் குறிப்பிட்ட சில நாட்கள்தான். பெரிய நகரங்களுக்கிடையே ஒரு விமானம் ரத்தானால் இழப்பு மூன்று மணி நேரம், ஏனென்றால் மூன்று மணி நேரத்தில் அடுத்தது இருக்கிறது. இங்கே ரத்தானால் இழப்பு இரண்டு மூன்று நாள். அந்த அடுத்த விமானத்திலும் ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் இருப்பார்கள். ஓர் எடுத்துக்காட்டு: இன்று ரத்தான விமானத்தில் இருபது பேர், அடுத்ததில் காலி இருக்கை எட்டு. பன்னிரண்டு பேர் மறுபடியும் காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பனிப்புயல் நாளின் விளைவு ஒரு வாரம் வரைக்கும் இழுக்கும். பறக்கும் நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிடுவதில் செலவழிக்கும் அக்கறையில் பாதியை, வாரத்தில் எந்தெந்த நாள் விமானம் உண்டு என்று பார்ப்பதில் செலவழித்தாலே பயணத் திட்டம் உருப்படியாகிவிடும். இந்த வழித்தடத்தின் உண்மையான பயண நேரம், ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் உள்ள இடைவெளி.

வானிலையால் ரத்தாவது அவ்வளவு சகஜமா என்று கேட்கலாம். கனடா வானிலைத் துறை பனிப்புயல் என்று எதைச் சொல்கிறது என்பதைப் பார்த்தாலே விடை கிடைக்கும். காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல், பார்வைத் தூரம் 400 மீட்டர் அல்லது அதற்குக் கீழ். இந்த நிலை தெற்கே நான்கு மணி நேரம் நீடித்தால் எச்சரிக்கை, மரங்கள் வளராத வடக்கிலோ ஆறு மணி நேரம் நீடித்தால்தான் எச்சரிக்கை. வடக்குக்கென்று வரையறையையே உயர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. புதிதாகப் பனி பெய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. கிடக்கிற பனியைக் காற்று கிளப்பிவிட்டாலே ஓடுபாதை மறைந்துவிடும். சரி, கோடையில் போனால் பிரச்சினை இல்லையே என்ற வாதம் அடுத்து வரும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ரெசொல்யூட்டில் சூரியன் மறைவதே இல்லை, இருட்டு ஒரு தடையாகாது என்பது உண்மைதான். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கடற்பனி உடைந்து குளிர்ந்த நீர் வெளியே தெரியும்போது அதன்மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகவும் தாழ்ந்த மேகமாகவும் படிகிறது. குளிர்காலத்தில் காற்று செய்யும் வேலையைக் கோடையில் மூடுபனி செய்கிறது. கோடை நல்ல பருவம், அதில் ஐயமில்லை. ஆனால் தாமதமில்லாத பருவம் என்று அதை எண்ணிவிடக் கூடாது.

2011 ஆகஸ்ட் 20-ஆம் நாள் அதற்கு மறக்கக் கூடாத சான்று. யெல்லோநைஃபிலிருந்து வந்த ஒரு 737-200, தாழ்ந்த மேகத்தினூடே ரெசொல்யூட்டில் இறங்க முயன்று, ஓடுபாதைக்குக் கிழக்கே இருந்த குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். திசைகாட்டும் அமைப்பில் ஏற்பட்ட பிழையால் விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து விலகியிருந்தது. இறங்குவதைக் கைவிட்டு மேலேறும் முடிவு மிகத் தாமதமாக வந்தது. காந்த வட துருவம் இந்தப் பகுதியை ஒட்டி நெடுங்காலம் இருந்ததால் காந்த ஊசியை இங்கே நம்ப முடியாது. கனடாவின் வட வான்பரப்பில் உண்மை வடக்கை வைத்தே திசை சொல்கிறார்கள். ரெசொல்யூட் ஓடுபாதையின் எண்ணோடு ‘டி’ என்ற எழுத்து சேர்ந்திருப்பது அந்த உண்மை வடக்கைக் குறிப்பதற்குத்தான். இப்போதுதான் ஜிபிஎஸ் இருக்கிறதே என்றால், ஆம், திசைக் குழப்பத்தை அது பெருமளவு போக்கியிருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வருவதற்குள் ஓடுபாதை விமானியின் கண்ணில் பட்டாக வேண்டும் என்ற விதியை எந்தக் கருவியும் மாற்றிவிடவில்லை. ஊருக்கு மேலே வரை வந்து, தரை தெரியாமல், மூன்று மணி நேரம் திரும்பிப் பறந்து புறப்பட்ட இடத்திலேயே இறங்கும் நாட்கள் உண்டு. அந்த நாளில் விமானி உங்களுக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறார். எரிச்சல் வரும்போது அந்தப் பன்னிரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இருந்தால் தனி விமானத்தை வாடகைக்கு எடுத்துவிடலாமே என்பது இன்னொரு யோசனை. அட்டவணை இடைவெளி என்ற சிக்கலை அது தீர்க்கும், வானிலையைத் தீர்க்காது. வாடகை விமானமும் அதே மூடுபனிக்கு மேலேதான் சுற்றும். குழுவாகப் போகும் ஆய்வாளர்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம், தனியாகப் போகிறவருக்குச் செலவு தாங்காது. உள்ளூர்க்காரர்கள் இவ்வளவு யோசிக்காமல் போய்வருகிறார்களே என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. ரெசொல்யூட்டில் செவிலியர் நடத்தும் சுகாதார மையம்தான் இருக்கிறது, மருத்துவமனை இக்காலுயிட்டில். கருவுற்ற பெண்கள் பேறுகாலத்துக்கு வாரக்கணக்கில் முன்பாகவே வீட்டையும் மற்ற குழந்தைகளையும் விட்டுப் புறப்பட்டு வந்து தங்குகிறார்கள். இந்தத் தூரத்தை மிக நன்றாக அறிந்தவர்கள், உயிர் சம்பந்தப்பட்ட பயணத்துக்கு, நாட்களைக்கூட நம்பாமல் வாரங்களை ஒதுக்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 1953-ல் தெற்கிலிருந்து இனுயிட் குடும்பங்களை அரசு கொண்டுவந்து குடியேற்றிய ஊர் இது. அந்தச் செயலுக்காகக் கனடா அரசு 2010-ல் மன்னிப்புக் கேட்டது. வெளியேற ஒரே வழியாக இந்த விமானத்தை மட்டும் வைத்து வாழ்பவர்கள் அவர்கள். சிகிச்சைக்குப் போகிறவருக்காக உங்கள் இருக்கையை விட்டுத்தரக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

இனி நாட்களை எங்கே ஒதுக்குவது என்று பார்ப்போம். கூடுதல் நாட்கள் வீண் செலவு, அதுவும் வடக்கில் அறை வாடகை கடுமை என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒட்டாவாவில் தவறவிட்ட பன்னாட்டு விமானத்துக்குப் புதிய டிக்கெட் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு இரவு வாடகை சிறிது. கனடாவின் பயணிகள் பாதுகாப்பு விதிகளும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. தாமதத்துக்குக் காரணம் வானிலை என்றால் விமான நிறுவனம் வேறு பயணத்தை ஏற்பாடு செய்ய வேண்டும், ஆனால் தங்குமிடமோ உணவோ இழப்பீடோ தரக் கடமைப்பட்டதல்ல. எனவே ஒட்டாவாவிலிருந்து ரெசொல்யூட் வரை ஒரே பதிவில் டிக்கெட் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒரு கட்டம் தவறும்போது அடுத்த கட்டம் உங்கள் பொறுப்பாகிவிடும். போகும்போது இக்காலுயிட்டில் ஓர் இரவு தங்குவது போதும். ரெசொல்யூட்டில் படகோ, பனிப் பயணமோ, மேற்கொண்டு விமானமோ குறித்த நாளில் காத்திருந்தால் அதற்கு முந்தைய ஒரு விமானத்தை விட்டு அதற்கும் முந்தையதில் போய்ச் சேருங்கள். திரும்பும்போதுதான் அதிகம் ஒதுக்க வேண்டும். ரெசொல்யூட்டிலிருந்து புறப்படும் நாளுக்கும் கனடாவை விட்டுப் புறப்படும் நாளுக்கும் நடுவே குறைந்தது மூன்று நாள் இருக்கட்டும். அந்த நாட்களை ரெசொல்யூட்டில் வைக்காமல் இக்காலுயிட்டிலோ ஒட்டாவாவிலோ வையுங்கள். தெற்கு நோக்கி அடிக்கடி விமானம் கிடைக்கும் இடத்தில் சேமித்த நாள்தான் பயன்படும்.

ரெசொல்யூட் போன்ற சிறிய நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை கிடையாது. பெட்டியைக் கொடுத்துவிட்டு நேராக விமானத்துக்கு நடக்கலாம். ஆனால் இக்காலுயிட்டில் இறங்கி ஒட்டாவா ஜெட்டுக்கு மாறுகிறவர்கள் அங்கே முழுச் சோதனைக்கு உட்பட வேண்டும். வடக்கில் கையில் வைத்திருந்த கத்தி, சமையல் எரிவாயுக் குடுவை போன்றவை அந்த வரிசையில்தான் சிக்கும். இரண்டு விமானங்களுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த இணைப்பை எடுக்காதீர்கள். ரெசொல்யூட்டைத் தாண்டி கிரைஸ் ஃபியோர்டு போகிறவர்களுக்குத் தூரம் இன்னும் 383 கிலோமீட்டர்தான். ஆனால் மலைகள் சூழ்ந்த அந்தக் குட்டையான சரளைப் பாதையில் இறங்குவது ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானம். அதன் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர் அளவு. ஒன்றரை மணி நேரப் பறப்பு என்று எழுதிக்கொண்டு, பக்கத்தில் இன்னும் மூன்று நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.